சர்வே எண் 112/3B

ஜனவரி 20

ஆலைக்குக் கரும்பு வெட்ட அனுமதி தரும் கட்டிங் ஆர்டரைப் போடும் கம்ப்யூட்டர் ஃபங்ஷன் இன்றும் பாதியில் நின்றது. எந்த ஊரைக் கேட்கிறோமோ அதற்கேற்ப ஓடும்போதுதான் டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை, அதாவது வினவலை, கட்டிக்கொள்கிறது. அதனால் தப்பும் ஓடும்போதுதான் தெரிகிறது. சர்வே எண் வெறும் எண்ணாக வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறது. 112/3B மாதிரி வந்ததும், வகை பொருந்தவில்லை என்று சிவப்பில் கத்துகிறது. இந்தப் பக்கம் பாகம் பிரியாத நிலம் ஏது? எல்லா இடத்திலும் எழுத்தாகவே வாங்க வேண்டும்.

நாளை தங்கைக்கு நிச்சயதார்த்தம், தியாகதுருகம் போகணும். பாஸ்வேர்டைச் செழியனிடம் கொடுத்தேன். பக்கத்து சீட். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரே டப்பாவில் சாப்பிடுகிறோம். "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்றான்.

ஜனவரி 23

எர்ரர் போய்விட்டது. செழியன் கெட்டிக்காரன்.

பிப்ரவரி 4

ஆபீஸ் வாசலில் சித்தப்பா. அப்பாவின் நிலம் 112/3A, அவருடையது 3B. ஒரே சமயத்தில் நட்ட கரும்பு.

"உங்கப்பனுக்கு மட்டும் ஆர்டர் வருது. என் கரும்பு பூத்துக்கினு நிக்குது. கம்ப்யூட்டர் உன் கையில. நான் இன்னாத்த சொல்றது?"

நானா? அவர் தோளில் ஏறித் திருவிழா பார்த்தவள் நானா அப்படிச் செய்வேன்?

உள்ளே போய் ஃபங்ஷனைத் திறந்தேன். சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு, மிச்சத்தை எண்ணாக மாற்றியிருக்கிறான் செழியன். 3A, 3B எல்லாமே இப்போது 112. ஒரு எண்ணுக்கு ஒரே ஆர்டர். முதலில் பதிந்தவருக்குப் போய்விடும். மாற்றியவர் பெயர்: ராதிகா. என் லாகின்!

பிப்ரவரி 5

மேலாளர் கலையரசி மேடம் இதை மாற்றியது யார் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். செழியனைப் பார்த்தேன்.

"அவங்க லாகின்தான மேடம். எனக்கு இன்னா தெரியும்?"

திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பாவி — எப்பிட்றா வாய் வந்துச்சு உனக்கு? தெரியாம செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே உனக்காகப் பேசியிருப்பேனே.

பிப்ரவரி 6

செழியன் போட்ட வெட்டை எடுத்துவிட்டு, ஃபங்ஷன் திருப்பித் தரும் சர்வே எண்ணின் வகையை எழுத்தாக்கினேன். உள்ளே கட்டும் வினவலிலும் அப்படியே. 3B-க்கு ஆர்டர் வந்தது. சித்தப்பாவுக்கு போன் செய்தேன். "சரி." வைத்துவிட்டார். பாஸ்வேர்டை மாற்றினேன்.

பிப்ரவரி 9

அப்பா பேசினார். "உன் சித்தப்பன் கொல்லையில ஆளுங்க கரும்பு வெட்டிக்கினு கீறாங்க." சித்தப்பா என்னைப் பற்றிக் கேட்டாரா? "இல்ல."

பிப்ரவரி 12

வேறொரு ஃபங்ஷனை ஓட்டினேன். வகை பொருந்தவில்லை என்று சிவப்பில் வந்தது. இதுவாவது முகத்துக்கு நேரே சொல்கிறது.

"இன்னா ராதிகா, நான் பாக்கட்டுமா?" — செழியன்.

சாப்பாட்டு டப்பாவை அவன் பக்கத்திலிருந்து எடுத்து இந்தப் பக்கம் வைத்துக்கொண்டேன்.