வெட்டுக்கிளியைக் கொண்டுவந்தது நான்தான், அக்கா

என் ஆசை அஞ்சலை அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நாளைக்கு உனக்குப் படையல். கும்பிட்டு முடித்ததும் இந்தக் கடிதத்தை நம் லயத்து வீடுகளில் இருக்கிற ஜனம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படிக்கப் போகிறேன். யாருக்குக் கோபம் வந்தாலும் வரட்டும். என்னை இந்த ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி அப்பாவிடம் மல்லுக்கு நின்றவள் நீதானே? அந்த எழுத்து இப்போது உனக்கு உதவட்டும்.

துரை பங்களாவில் நீ வளர்த்த உடும்பு ரெண்டில் ஆண் உடும்பு போன மாதம் செத்துப்போச்சு. நீ பழக்கிவிட்ட பூச்சித் தீனிதான் அதைக் கொன்றது என்று, நம்மை வேலை வாங்குகிற கண்டக்டர் தோட்டம் பூரா சொல்லிக்கொண்டு திரிகிறார். "மாட்டுக்கறியைத் தொட அவளுக்கு அருவருப்பு. அதான் கண்ட கழிசடையைப் பொறுக்கிப் போட்டா" என்று, காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். செத்தவள் திருப்பிப் பேசமாட்டாள் என்கிற தைரியம். எனக்கு வாய் இருப்பது மறந்துபோய்விட்டது அவருக்கு.

அருவருப்பா? மூணு வருஷம் அந்தக் கறியைக் கொத்திப் போட்டவள் நீ. சிங்கப்பூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். எலும்பு இருக்காது, கொழுப்பு இருக்காது. துரை, "சுத்தமான கறி, நல்ல கறி" என்று பெருமைப்படுவார். அந்த நல்ல கறியைத் தின்று தின்று உடும்பு ரெண்டுக்கும் கால் வளைந்துபோனது. தாடையைத் தொட்டால் மெத்தென்று அமுங்கியது.

நீ அப்போது சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "காட்டுல இதுக்கு யாரு புள்ள கறி கொத்திக் குடுக்குறா? எலும்பு, தோலு, குடலு எல்லாத்தோடயும் முழுசா முழுங்குது. நாம சதையை மட்டும் போட்டா அதுக்கு எலும்பு எங்கேருந்து வரும்?"

லயத்தில் சிரிக்காத ஆள் இல்லை. "குழம்புல கொதிக்க வேண்டியதுக்கு இவ வைத்தியம் பாக்குறா லா" என்றார்கள். நீ காதில் வாங்கவில்லை. எலிக்குஞ்சு வாரத்துக்கு ஒன்று, பெரிய எலி என்றால் கொழுப்பு, வேண்டாம். பெட்டை உடும்புக்கு நத்தை, ஓட்டோடு. ஆற்றுப் பொடிமீன், தலையோடு. மயிருள்ள புழுவைக் கிட்டேயே சேர்க்க மாட்டாய். வெட்டுக்கிளியோ கரப்பானோ எதுவானாலும் பிடித்த கையோடு போட மாட்டாய். ஓட்டை போட்ட பிஸ்கோத்து டின்னில் ரெண்டு நாள் அடைத்து, முருங்கைக்கீரையும் பூசணித் துண்டும் தின்ன வைப்பாய். "வெறும் வயித்துப் பூச்சி வெறும் தோலுதான். அது தின்னதுதான் உடும்புக்குச் சேரும்" என்பாய். நாலு மாதத்தில் ரெண்டும் வயிற்றைத் தரையில் இழுக்காமல் எழுந்து நடந்தன. துரையே கூண்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாரே!

இனி என் கதையைக் கேள். நீ போன பிறகு பங்களா வேலை எனக்கு வந்தது. காலையில் புல்வெட்டு, மத்தியானம் உடும்பு. போன மாதம் காஹாங் ரோட்டுப் பக்கம் புதுக்காட்டு லாலாங் புல்லுக்கு விஷ மருந்து அடித்தார்கள். யாரும் மாட்டை அந்தப் பக்கம் அவிழ்த்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே சொன்னார்கள். நானும் நம் மாட்டைக் கவனமாகக் கட்டி வைத்தேன். மாடு தின்னக் கூடாத புல்லை வெட்டுக்கிளி தின்னுமே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அங்கே வெட்டுக்கிளிகள் பறக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தன. கஷ்டப்படாமல் கிடைத்ததே என்று மடி நிறையக் கட்டிக்கொண்டு போனேன். டின்னில் வைக்க நேரமில்லை, நேராகக் கூண்டில் கொட்டினேன். ஆண்தான் பாய்ந்து தின்றது. மறுநாள் கக்கியது. அதற்கு மறுநாள் அசையவில்லை.

கொன்றது நான், அக்கா. நாலு நாள் வாயை மூடிக்கொண்டும் இருந்தேன். ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் குறைத்துச் சொந்த ஊருக்குக் கப்பலேற்றுகிற காலம் இது. இங்கேயே பிறந்த என்னை, கண்ணால் பார்க்காத அப்பாவின் ஊருக்கு அனுப்பினால் யார் வாசலில் போய் நிற்பேன்? பயம்தான். ஆனால் கண்டக்டர் உன் டின்னைக் குப்பையில் எறிந்துவிட்டு, "இனிமே கறி மட்டும்தான்" என்றபோது பயத்தை மிஞ்சிக் கோபம் வந்துவிட்டது.

லாலாங்கில் இருபது வெட்டுக்கிளி பிடித்தேன். ஆற்றோரம் இருபது. ரெண்டு டின், ஒரே கீரை. ரெண்டாம் நாள் ரெண்டையும் தூக்கிக்கொண்டு நேராகப் பங்களாவுக்குப் போனேன்.

"ஏய், எங்க ஏறி வர்றே?" என்று கண்டக்டர் கத்தினார்.

"தொரையைப் பாக்க வந்தேன், உங்கள இல்ல" என்று சொல்லிவிட்டு மேஜைமேல் டின்களைத் திறந்து வைத்தேன். ஒன்றில் எல்லாம் செத்துக் கிடந்தன. இன்னொன்றிலிருந்து ரெண்டு துரையின் சட்டையில் தாவி உட்கார்ந்தன.

"மருந்தடிச்ச லாலாங்ல புடிச்சது செத்துப்போச்சுங்க தொரை. எங்கக்கா இருந்திருந்தா டின்லயே பாத்துட்டுக் கொட்டியிருப்பா. நான் வைக்காமப் போட்டேன். தப்பு என்னோடது. எங்கக்கா பேர இனிமே யாரும் இழுக்கக் கூடாது."

துரை ரெண்டு டின்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பயம் இல்லே?" என்று கேட்டார்.

"இருக்குங்க. அதுக்காக?"

"ஒரு மாசம் உன் தீனி. பொட்டை இளைச்சா, மறுபடி கறி. நீ கப்பல்" என்றார்.

இன்றோடு ஒன்பது நாள். பெட்டை ஆற்றோரத்து வெட்டுக்கிளியைத் தின்கிறது, நத்தை ஓட்டைக் கடித்து உடைக்கிறது. ஒன்று மட்டும் உன்னைக் கேட்க வேண்டும். பூச்சியை டின்னில் வைத்தது அதன் வயிற்றை நிரப்ப மட்டும்தானா, இல்லை விஷத்தையும் நீ யோசித்திருந்தாயா? நீ இருந்தபோது கேட்கவே இல்லையே நான்!

இது உனக்கு என் வாக்கு. நான் இருக்கிறவரை அந்தக் கூண்டுக்குள் கொத்துக்கறி போகாது. கண்டக்டரய்யா, நீங்களும் கூட்டத்தில் நின்றால் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கப்பலேற்றத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் அந்தக் கூண்டைத் திறந்துவிடுவேன். பெட்டை காட்டுக்குள் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கப்பலில் கால் வைப்பேன்.

உன் பேருக்காக யார் முன்னாலும் நிற்கிற தங்கை,
பொன்னம்மா