ஹார்மோன் விடாத குடுவை

இன்று காலை ஆய்வகத்தில் இளநீர் சீவியபோது, அந்த வாசனையில் என் கை நின்றுவிட்டது. நீ இருந்தால் முதல் மடக்கைக் குடித்துவிட்டு, "காரட்டுக்கு மட்டுந்தான் தாகமாக்கும்?" என்றிருப்பாய். காய்ச்சலில் நீ போய் ஒன்பது மாதமாகிறது. இன்னும் உன்மேல் எனக்குப் பொறாமைதான்.

நம் இருவருக்கும் ஒரே மேசை, ஒரே வேலை. காரட் செல்களை இளநீரும் ஹார்மோனும் கலந்த கரைசலில் பெருக்கி, விதையே இல்லாமல் கருவை உண்டாக்க வேண்டும். நிறையக் கரு எடுப்பவளுக்கு ஆராய்ச்சி இடம். இருந்தது ஓரிடம். முதுகுளத்தூரில் எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். இடம் கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று அய்யா சொல்லியிருந்தார். அக்காள்மடத்து மீனவர் வீட்டுப் பெண்ணான நீயோ பேராசிரியரையே சிரிக்க வைப்பாய். எனக்குப் பேச வராது, பார்க்கத்தான் தெரியும்.

மாதா கோயில் கொடியேற்றத்துக்குப் புறப்பட்ட அன்று, செல்களைப் புதுக் கரைசலுக்கு அவசரமாக மாற்றினாய். "ரயிலு போயிரும்டி, வாரேன்!" என்று ஓடினாய். ஹார்மோன் சீசாவை நீ தொடவே இல்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சொல்லவில்லை. கெட்டுப்போகட்டும் என்று நினைத்தேன்.

மூன்று வாரத்தில் உன் குடுவை நிறையக் கரு. என்னுடையதில் வெறும் கட்டிகள்.

"எம் புள்ளைகளப் பாருடி, வால் மொளைச்சிருக்கு!" என்று குதித்தாய்.

"என்னம்மா செஞ்ச?" என்றார் பேராசிரியர்.

"எப்பவும் போலத்தான் சார்."

உண்மையாகவே உனக்குத் தெரியாது. அடுத்த மூன்று முறையும் மறக்காமல் ஹார்மோன் சேர்த்தாய். ஒரு கருகூட வரவில்லை. நான் மட்டும், செல்கள் பெருகியபின் ஹார்மோனை நிறுத்தினேன். குடுவை குடுவையாகக் கரு வந்தது. இடமும் எனக்கே வந்தது.

ஊருக்குத் திரும்புமுன் ஒரு சாக்கு இளநீரை இறக்கி வைத்தாய். "அன்னைக்கு எங்க வீட்டு மரத்துக் காயைத்தான் ஊத்துனேன். அதான் ராசி போல. இனி நீ ஊத்து புள்ள" என்றாய். ராசி என்றே உன்னை நம்பவிட்டேன்.

இன்று குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், ஹார்மோனை முதலில் நிறுத்தியவள் என்று உன் பெயரை எழுதிவிட்டேன். நாளை பேராசிரியர் படிப்பார், உனக்கு எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்பார். எழுதும்போதும் பொறாமையாகவே இருந்தது. நான் கண் கொட்டாமல் பார்த்துக் கற்றேன். உனக்கு, நீ மறந்ததுகூட விளைந்தது.