சர்வர் நிற்கும் இடம்

காரிமங்கலம்,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த அப்பாவுக்கு,

உங்கள் மகள் சோபனா வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். செவலை மாடு கன்று ஈன்றுவிட்டது, கிடாரி. நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்கிறது. நீங்களும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "சாப்டியா பாப்பா, படிக்கிறியா, அம்மாகிட்ட குடு" என்று முடித்துவிடுகிறீர்கள். அம்மாவிடம் கொடுத்தால், அங்கே யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் அது மடிந்த இடத்திலேயே உங்களுக்காகக் காத்திருக்கும். அதுவும் இல்லாமல், இந்தச் செய்தி போனில் அடங்காது அப்பா. எங்கள் கிணற்று வரைபடத்துக்கு அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு!

கிணற்று வரைபடம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நானும் பக்கத்துத் தெரு காவியாவும் இந்த வருடம் முழுக்க நம் ஊர்க் கிணறுகளில் கயிறு விட்டுத் தண்ணீர் ஆழம் அளந்தோம். அளந்ததை வைத்து ஒரு புரோகிராம் எழுதினோம். திரையில் நம் ஊர் தெரியும். ஒவ்வொரு கிணறும் ஒரு புள்ளி. தண்ணீர் இருந்தால் நீலம், வற்றினால் சிவப்பு. கீழே மாதத்தை நகர்த்த நகர்த்தப் புள்ளிகள் நிறம் மாறும். சித்திரையில் ஊரே அம்மை போட்டது போல் ஆகிவிடும். நம் கிணறும் சிவப்புத்தான். நீங்கள் ஏன் வெள்ளாமையை விட்டுப் பெங்களூர் போனீர்கள் என்று அந்தப் புள்ளியைப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

இது ஓடுவது எங்கள் பள்ளியில் பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்த பெரிய கம்ப்யூட்டரில். அதில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ். கண்காட்சி எங்கள் பள்ளியிலேயே நடப்பதாக முடிவானதும் துள்ளிக் குதித்தோம். அந்த வாரமே இடி இடித்த ஒரு மாலையில் அதன் திரை புகைந்து போயிற்று. கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, முகம் மட்டும் இல்லை. ஆய்வகத்தில் மற்றவை எல்லாம் கம்ப்யூட்டரும் திரையும் ஒன்றாகவே ஒட்டி வந்தவை, கழற்றி மாட்ட முடியாது. புதுத் திரை கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார்கள், வரும்போது வரும். பெரிய கம்ப்யூட்டரை மாடியிலிருந்து அசைக்கவே கூடாது என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்.

என்னிடம் இருந்தது பெரியப்பா வீட்டு மாதேஷ் அண்ணனின் பழைய லேப்டாப். அண்ணன் ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. விண்டோஸ்தான், கிழட்டு எருது மாதிரி மூச்சு வாங்கும். எங்கள் கணக்கை அதில் போட்டால் படுத்துவிடும். ஆனால் அதிலிருந்து ஒரு கறுப்பு ஜன்னல் வழியாக மாடியில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரிடம் எழுத்தில் பேசலாம். கேட்டால் எழுத்திலேயே பதில் வரும். படம் மட்டும் வராது. படம் வர வேண்டுமானால் "எக்ஸ் சர்வர்" என்று ஒன்று ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டர் ஆசிரியர் ஆரோக்கியராஜ் சார் சொன்னார். எக்ஸ் என்பது வெறும் பெயர்தான். "நானே பேரைக் கேட்டதோட சரிம்மா, ஓட்டிப் பார்த்ததில்ல. நீ படிச்சுட்டு எனக்கும் சொல்லு" என்றார். எனக்கு அது போதும், படிக்கக் கிடைத்ததை எல்லாம் படித்தேன்.

படித்தும் தப்பாகவே செய்தேன். சர்வர் என்றால் எங்கோ தூரத்தில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? எங்களிடம் பெரியது மாடியில் இருப்பது. ஆகவே எக்ஸ் சர்வரை அதில் ஓட்டினேன். ஓடத் தொடங்கும், உடனே "திரை எதையும் காணோம்" என்று சொல்லிவிட்டு விழுந்துவிடும். மறுபடி ஓட்டுவேன், மறுபடி விழும். விண்டோஸில் ஓடும் எக்ஸ் சர்வரும் உண்டு என்று படித்திருந்தேன். இந்தச் சின்ன லேப்டாப்புக்கு எதற்கு சர்வர் என்று அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டேன்.

கண்காட்சி நெருங்கிவிட்டது. காய்ச்சலில் படுத்திருந்த காவியா சாயங்காலம் போன் செய்து, என்ன ஆயிற்று என்று கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "எக்ஸ் சர்வர் இன்னிக்கும் வுழுந்துபோச்சுடி! இனிமே எழுந்திருக்காதுடி!" என்று கத்தினேன்.

கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்த அம்மா சொம்போடு ஓடிவந்தாள். பாதிப் பால் சேலையில். "ஐயோ, யாருடி போன்ல? வழுக்கி வுழுந்துட்டாரா? ஈரத் தரையில கையில தட்டத் தூக்கிக்கிட்டு ஓடாதீங்கன்னு எத்தனை வாட்டி சொன்னேன்!" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் வழுக்கி விழவில்லை, நான் சொன்னது எக்ஸ் சர்வர் என்றேன். அம்மா இன்னும் வெளிறிப் போனாள். "எக்ஸா? எக்ஸ் மிலிட்டரின்னா மிலிட்டரிய வுட்டு வந்தவங்க. அப்ப உங்கப்பாவ வேலைய வுட்டே தூக்கிட்டாங்களா?" என்றாள்.

அப்பா, நீங்கள் ஓட்டலில் சூப்பர்வைசர் என்றுதான் எனக்குத் தெரியும். பள்ளியில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னேன் என்று அம்மாவுக்குப் புரிந்தபோது, எனக்கும் வேறொன்று புரிந்துவிட்டது. அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். போனில் காவியா "என்னடி, என்னடி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நீங்கள் அங்கே சர்வராக இருப்பதில் தொடங்கி, அன்று அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். மாசி மாதம் மாதேஷ் அண்ணன் இன்டர்வியூவுக்குப் பெங்களூர் வந்தபோது, நீங்கள் பரிமாறும் மேசை வரிசையிலேயே வந்து உட்கார்ந்தாராம். ஊருக்குத் தெரிந்திருக்கும் என்ற கூச்சத்தில்தான் நீங்கள் மாரியம்மன் பண்டிகைக்கும் வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் இல்லை அப்பா. உங்கள் வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைதான் வந்தது. சர்வர் என்றால் என்ன செய்வார் என்று அம்மாவைத் துளைத்தெடுத்தேன். அம்மா ஒருமுறை அங்கே வந்து உங்கள் மேசையிலேயே சாப்பிட்டிருக்கிறாளாமே!

"உங்கப்பா மேசைகிட்டயே நிப்பாருடி. திங்கறவங்க என்ன கேக்கறாங்களோ அத உள்ளாற போய்ச் சொல்வாரு. உள்ள மாஸ்டர் தோசை ஊத்துவாரு. ஊத்துனத இவரு கொண்டாந்து வெப்பாரு. சமையக்கட்டு எந்தப் பக்கம்னு கூட நமக்குத் தெரியாது. ஆனா எந்த தோசை எந்த மேசைக்குன்னு இவுரு மறக்க மாட்டாரு" என்றாள் அம்மா. சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மேசைகிட்ட நிப்பாரு!

அந்த வார்த்தை விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சர்வர் சமையல் கட்டில் நிற்பவர் இல்லை. சாப்பிடுகிறவர் முன்னால் நிற்பவர். எங்களுக்கு மாடியில் இருப்பது சமையல் கட்டு, அங்கே கணக்கு வேகிறது. பார்ப்பவர் உட்கார்ந்திருப்பது லேப்டாப் முன்னால். அப்படியானால் லேப்டாப்தான் சர்வர்! விரலால் தட்டுவதையும் மவுஸ் நகர்வதையும் வாங்கி உள்ளே சொல்வது அது. உள்ளே தயாரான படத்தைக் கொண்டுவந்து திரையில் வைப்பதும் அதுதான். நான் இத்தனை நாள் சர்வரைக் கொண்டுபோய், மேசையே இல்லாத சமையல் கட்டில் நிறுத்திவிட்டு, பரிமாறு பரிமாறு என்று கத்தியிருக்கிறேன். பாவம், விழாமல் என்ன செய்யும்?

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே பள்ளிக்குப் போய்விட்டேன். காவியாவும் கழுத்தில் துண்டோடு இருமிக்கொண்டே வந்துவிட்டாள். லேப்டாப்பில் எக்ஸ் சர்வரை ஓட்டினேன். ஓரத்தில் சின்னதாக ஓர் எக்ஸ் வந்து உட்கார்ந்தது. விழவில்லை! இனி சமையல் கட்டுக்கு எந்த மேசை என்று சொல்ல வேண்டும். கறுப்பு ஜன்னலில் லேப்டாப்பின் முகவரி எண்களை அடித்து, கடைசியில் முக்காற்புள்ளி வைத்து ஒரு சைபர் போட்டேன். அதுதான் மேசை நம்பர். புரோகிராமை ஓட்டினேன். வரவில்லை. பார்த்தால், தெரியாத இடத்திலிருந்து ஒருவர் வருகிறார், உள்ளே விடலாமா என்று விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டிவிட்டு வாசல்காரர் மாதிரி நின்றுகொண்டிருக்கிறது. விடலாம் என்று அழுத்தினேன்.

வந்தது அப்பா! முதலில் ஒரு வெள்ளைச் சதுரம், பிறகு ஏரிக்கரை, பிறகு பொலபொலவென்று கிணறுகள்! மாடியில் வெந்தது கீழே கூடத்தில், அந்தக் கிழட்டு லேப்டாப்பில் சுடச்சுட வந்து இறங்கியது. காவியா போட்ட கூச்சலில் ஆரோக்கியராஜ் சார் பாதிப் பாடத்தில் சாக்பீஸோடு ஓடிவந்தார். "ஏம்மா, பாம்பு கீம்பு வந்துருச்சோன்னு பாத்தேன்" என்றவர், திரையைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மாதத்தை அவரே முன்னும் பின்னும் நகர்த்தினார். எங்களுக்குக் கொடுக்கவே இல்லை.

கண்காட்சிக்குத் தர்மபுரியிலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியை நடுவராக வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதுல எதும்மா சர்வர்? மாடியில இருக்கறதுதானே?" என்று கேட்டார். கண்ணில் குறும்பு இருந்தது. அவருடைய மாணவர்கள் வருடா வருடம் இங்கேதான் தடுக்குவார்களாம். நான் புத்தகத்தில் இருந்த பதிலை மனப்பாடமாக வைத்திருந்தேன். அப்போது நிமிர்ந்தால், கூடத்து வாசலில் அம்மா நிற்கிறாள். அம்மாவைப் பைக்கில் அழைத்துவந்த மாதேஷ் அண்ணனும் நிற்கிறார். நம் தெருக்காரர்கள் பாதிப் பேர் நிற்கிறார்கள்.

உங்களிடம் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன் அப்பா. "இல்லைங்க மேடம், இந்த லேப்டாப்புதாங்க சர்வர். எங்கப்பா பெங்களூர்ல ஓட்டல் சர்வருங்க" என்று ஆரம்பித்து, மேசை, சமையல் கட்டு, மேசை நம்பர் எல்லாம் சொன்னேன். பேராசிரியை உங்கள் பெயரைக் கேட்டார். ராஜப்பன் என்றேன். இனிமேல் வகுப்பில் இந்த உதாரணத்தையே சொல்லப் போவதாகவும், அதற்கு அப்பாவிடம் அனுமதி கேட்டுவிடு என்றும் சொன்னார். "அப்பா வந்திருக்காங்களா?" என்றார். "இன்னும் வரலைங்க" என்றேன்.

வெளியே வந்ததும் மாதேஷ் அண்ணன் என் தலையில் குட்டினார். "அன்னிக்கு என்னைப் பாத்ததும் சித்தப்பா என் மேசைக்கு வேற ஆள அனுப்பிட்டு உள்ள போயிட்டாரு. தோசை எறங்கவே இல்ல எனக்கு. எங்க அப்பாருகிட்ட கூட நான் ஒரு வார்த்த சொல்லல. அவுரு கையால ஒரு காப்பி வாங்கிக் குடிச்சுருப்பேன், அவ்வளவுதான்" என்றார். ஊரெல்லாம் சொல்லியிருப்பார் என்றுதானே நீங்கள் நினைத்தீர்கள்? அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னவள் நான்தான்.

அம்மா வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, "சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். உங்கப்பா திட்டுனா நேர்ல வந்து திட்டட்டும்" என்றாள். மூக்குத்தி பளபளவென்று இருந்தது.

வரும் ஞாயிறு காலை பஞ்சாயத்துத் தலைவர் ஊர்க்காரர்களை எல்லாம் பள்ளிக்கு வரச் சொல்லியிருக்கிறார். யார் கிணற்றில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் என்று எல்லோரும் பார்த்து, அதன்படி வெள்ளாமை வைக்கலாம் என்று பேச்சு. நான் லேப்டாப்பில் உட்காருவேன். முன் வரிசையில் ஒரு நாற்காலிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். நீங்கள் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் போதும். காரிமங்கலம் பஸ் நிறுத்தத்தில் மாதேஷ் அண்ணன் பைக்கோடு நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். எத்தனை மணி ஆனாலும் நிற்பாராம்.

ஐப்பசி மழைக்குப் பிறகு நம் கிணற்றுப் புள்ளி நீலமாகிவிட்டது அப்பா. திரையில் பார்த்தாலும் சரி, குனிந்து பார்த்தாலும் சரி. கன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, உங்களுக்காக விட்டிருக்கிறோம். விண்டோஸ்தான் உள்ளே விடலாமா என்று கேட்கும். நம் வீட்டில் யாரும் கேட்க மாட்டோம்.

ஈரத் தரையில் பார்த்து நடங்கள்.

உங்கள் பாதம் பணியும் மகள்,
ரா. சோபனா.

பி.கு.: உங்கள் ஓட்டலில் இன்னொரு ராஜப்பன் இருப்பதாக அம்மா சொன்னாள். கடிதம் மாறிப் போகக் கூடாது என்று, உறையின் மேல் உங்கள் பெயருக்குக் கீழே 'சர்வர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.