கடைசி வரி வரைக்கும்

சனிக்கிழமை இரவு, விஜயநகர்.

இந்தக் கோணல் எழுத்தை நாளைக்கு நானே படிக்கத் திணறுவேன். பொறுத்துக்கொள்ள வேண்டியவனும் நான்தான்.

காலையில் என் மனைவி சரசு தன் சர்க்கரை மாத்திரையைத் தள்ளி வைத்துவிட்டாள். ஏதோ ஒரு பொடியைக் குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று ஒரு டாக்டர் சொன்னதாக, கொள்ளேகாலிலிருந்து அவள் தங்கை வாட்ஸ்அப் அனுப்பியிருந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. போனை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"உங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்ததே நாந்தானுங்க. எனக்கே பரீட்சையா?" என்று சிரித்தாள்.

அவள் மேலே நாலு வரியோடு விட்டிருந்தாள். இப்போதுதான் படிக்கக் கற்ற எனக்குப் பாதியில் நிறுத்தும் பழக்கம் இன்னும் வரவில்லை. டாக்டர் பெயர் எங்கேயும் இல்லை. அடியில் பொடி விற்பவரின் நம்பர் இருந்தது.

"சந்தையில மாட்டைப் புகழறவன் கையிலதான் கயிறு இருக்கும் புள்ள," என்றேன்.

அவளும் கடைசி வரை படித்தாள். உடனே எங்கள் டாக்டருக்குப் போன் போட்டாள். மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றார். சரசு அதை விழுங்கிவிட்டு, "இனி எது வந்தாலும் வாத்தியார் படிச்சாத்தானுங்க நம்புவேன்," என்றாள்.

வாத்தியார்! கை வலிக்கிறது, சிரிப்பு அடங்கவில்லை. அடுத்த வாரமும் எழுத விஷயம் இருக்கும். அவள் தங்கை சும்மா இருக்கமாட்டாள்.