ஆறில் ஒரு கோடு

அக்டோபர் 4
பாறை மேலிருக்கும் அதிர்வுக் கருவி இன்றும் ஊமை. மலைகளுக்கிடையே நுழைந்த கடலான ஃபியார்டுக்கு மேலே பிளந்து நிற்கும் அந்தப் பாறைத் தூணுக்குச் சொந்த அதிர்வு உண்டு, நொடிக்கு ஏழு. அதிர்வுகளை வேகவாரியாகப் பிரிக்கும் ஃபூரியே மாற்றத்தில் போட்டால் படத்தில் தனிக் கோடாக விழும். மூன்று வாரமாகக் கோட்டைக் காணோம். ‘கருவிக் கோளாறு’ என்று எழுதிவைத்தேன். மற்றபடி படம் சுத்தம். ஃபெரிக் கப்பலின் என்ஜின் ஆறில் போடும் தடித்த கோட்டுக்காக ஐந்து முதல் ஆறரை வரை வெட்டி எறியும் வடிகட்டி என் கைவேலை.

அக்டோபர் 8
கடையில் ஃபெரி கேப்டன் டோர்லைவ். “என்னடா சிந்த்ரே, ஒரு வாரமா என் கப்பல் பட்டறையில கெடக்கு. இப்பவாவது உன் மெஷினுக்குக் காது கேக்குதா?” சிரித்தேன். வாசலுக்கு வருவதற்குள் சிரிப்பு போய்விட்டது.

வடிகட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஃபெரி ஓடவில்லை. ஆறுக்குச் சற்றுக் கீழே கோடு இருக்கிறது.

அக்டோபர் 9
பாறைதான். ஏழிலிருந்து இறங்கி, நான் வெட்டிவைத்த பள்ளத்துக்குள் வந்து விழுந்திருக்கிறது. கம்பி தளர்ந்தால் சுருதி இறங்கும். பிடி விட்டால் பாறைக்கும் அதுதான். இன்று 5.6. மூணு வாரமா கத்திட்டு இருந்திருக்கு — நானே வாயைப் பொத்தியிருக்கேன். கீழே பதினோரு வீடு.

அக்டோபர் 10
எங்கள் கண்காணிப்பு நிலையத் தலைவி குன்வோர்: “மூணு தடவ ஊரைக் காலி பண்ணியாச்சு. ஒரு கூழாங்கல் விழல. ‘உங்க பாறைக்கு வேற வேலையில்லையா’ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க. திங்கட்கிழமை கூட்டத்துல பேசலாம்.”

“அதுவரைக்கும் நிக்கச் சொல்லி பாறைகிட்ட நீங்களே சொல்லுங்க.”

கதவைச் சாத்தினாள்.

அக்டோபர் 11
5.1.

அக்டோபர் 12
4.4. போலீஸுக்கு நானே போன் செய்தேன். “தப்பு என்னோடது” என்றுதான் ஆரம்பித்தேன். சாலை பாறைக்கு அடியிலேயே போகிறது. வெளியேற ஃபெரிதான் வழி. டோர்லைவ் கப்பலைப் பட்டறையிலிருந்து பாதி வேலையில் எடுத்து வருகிறான். குன்வோர் நாற்காலியை என் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அக்டோபர் 13
காலை 7.40. பாறைக் கருவி போய்விட்டது. எதிர்க்கரைக் கருவியில் படம் முழுக்கக் கறுப்பு. டோர்லைவ் கடைசி மூன்று வீட்டாரை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பாறை விழுந்தது தண்ணீரில். அலை எழும்பியிருக்கும். டோர்லைவ் போனை எடுக்கவில்லை.

வடிகட்டி எதுவும் போடவில்லை. இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

7.58. ஆறில் மெல்லிய கோடு. குன்வோர் அதன்மேல் விரலை வைத்தாள். இன்னும் விரலை எடுக்கவில்லை.