தொப்பி போடமாட்டன்

அண்ணை,

இன்று லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், புதிதாகத் திறந்த மதுக்கடையின் வாசலில், தொட்டியில் நின்ற ஆனைக்கற்றாழையின் மடல்களை ஒருவன் வெட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பச்சை நெடி மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். நீங்கள் கண்மூடிப் போனபிறகு, உங்களோடு பேசவேண்டும் என்று இவ்வளவு தவித்ததில்லை.

நாம் வேலை செய்த மெக்சிக்கோ உணவகத்தின் வாசலிலும் இதே கற்றாழைதான். முள் ஆட்களைக் குத்துகிறதென்று முதலாளி வெட்டி எறிந்த மடல்களைக் குசினிக்குள் கொண்டுவந்தீர்கள். போத்தலால் நசித்து, கத்தியின் முதுகால் வழித்துத் தும்பெடுத்தீர்கள். கை சொறிந்து சிவந்தது, விடவில்லை. தொடையில் வைத்துத் திரித்த கயிற்றால், கோப்பை கழுவும் ரோசாவின் அறுந்த பைக்குப் பிடி கட்டிக் கொடுத்தீர்கள்.

ரோசா உண்மையான மெக்சிக்கோக்காரி. தன் தகப்பன் கற்றாழையின் நடுக்குருத்தைக் குடைந்து, ஊறும் இனிப்பு நீரை எடுத்துப் புளிக்கவைப்பார் என்று அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னாள். எங்கடை கள்ளு மாதிரித்தான் என்று சிரித்தீர்கள்.

அந்தச் சனிக்கிழமை முதலாளி அகன்ற தொப்பி ஒன்றோடு வந்தார். உங்கள் மீசையும் நிறமும் அதற்குப் பொருத்தமாம். கற்றாழைச் சாராயப் போத்தலுடன் வாசலில் நின்று ஆட்களை அழைக்கவேண்டுமாம். கேட்டால் மெக்சிக்கோ என்று சொல்லவேண்டுமாம். முதலாளியும் நம்மூர்க்காரர்தான்.

"ஆருக்கு விளங்கப்போகுது? போடும்" என்றார்.

"எனக்கு விளங்கும். நான் சாவகச்சேரியான். தொப்பி போடமாட்டன்."

அப்படியானால் வீட்டுக்குப் போகலாம் என்றார். நீங்கள் ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தீர்கள். அதற்கு மேல் என்னுடையதை வைத்தேன். ரோசா கையைத் துடைத்துக்கொண்டு, பையைத் தோளில் போட்டாள். மெற்றோப் படிவரை முதலாளி பின்னால் ஓடிவந்தார். தொப்பி வேண்டாம், திரும்பி வாங்கோ என்று கெஞ்சினார். எனக்கு மனம் இளகியது. நீங்கள் நிற்கவில்லை.

"இண்டைக்குத் திரும்பினா நாளைக்கு வேறை தொப்பி வரும், தங்கச்சி."

பிறகு, நோய் விழுத்தும்வரை, ரூ காய் என்ற தெருவில் ஒரு கடையில் மரக்கறி நிறுத்தீர்கள். அந்த உணவகத்தைக் கடந்து போகும்போதெல்லாம் மீசையை முறுக்குவீர்கள்.

நான் இப்போது ஒரு ஹோட்டல் வரவேற்பில் நிற்கிறேன். சிவமலர் என்ற பெயர் விருந்தினர் வாயில் நுழையாதென்று, மரி என்று எழுதிய அட்டையைக் குத்தச் சொன்னார்கள். பழகட்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அட்டை இல்லாமலே நின்றேன். நேற்று என் பெயரிலேயே அட்டை வந்தது. அதில் ஓர் எழுத்துப் பிழை. அதையும் திருத்திக்கொண்டு வரச் சொல்லிவிட்டேன்.