துரை வேடத்தில் நான் பேசியது

மூஸ் முனை,
ஆகஸ்ட் மாதம், புதன்கிழமை

அன்புள்ள வெர்னாவுக்கு,

நீயும், உள்ளே உதைத்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை. ஃபோனில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் விடுதி வராந்தாவில் உனக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் கர்ப்பிணிகள் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்களே. அதனால்தான் வெறுமனே மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

முதலில் நல்ல செய்திகள். வலையில் இந்த வாரம் வெள்ளை மீன் நிறைய விழுந்தது. பாதியைப் புகை போட்டுவிட்டேன். தொட்டிலுக்குக் கால் வைத்தாகிவிட்டது. ஒரு கால் கொஞ்சம் குட்டை, நீ வருவதற்குள் சரி செய்துவிடுவேன். நம் ஜட்ஜ் ஒரு முள்ளம்பன்றியிடம் வம்புக்குப் போய் மூக்கெல்லாம் முள்ளோடு வந்தது. இடுக்கி வைத்துப் பிடுங்கினேன். அந்த நாய்க்குப் புத்தி வராது.

இனி கோட்டை விஷயம். நீ பிரசவத்துக்காக சாஸ்கட்டூனுக்கு விமானம் ஏறிய வாரமே, பழைய தோல் கம்பெனிக் கோட்டையில் சுற்றுலாக்காரர்களுக்காகக் கம்பெனித் துரை வேடம் போடும் மாணவன் படகுத் துறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டான். மானேஜர் கிரகாம் என்னைக் கூப்பிட்டு, "ஹொரேஸ், உன் குரல் ஏரிக்கு அந்தக் கரையிலயும் கேக்கும். துடுப்புப் போட்டது போதும், நீயே துரையா இரு" என்றான். நான் வேண்டாம் என்றா சொல்வேன்? கறுப்புக் கோட்டு, உயரத் தொப்பி, ஒட்டுத் தாடி. உன் தங்கை நோரீன் பார்த்துவிட்டு, "தாடி ஒட்டிக்கிட்டா துரை ஆயிடுவியா அத்தான்? அந்த மூக்கு ஊருக்கே காட்டிக் குடுக்குதே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. படகில் துடுப்புப் போட்டபோது என்னை ஒருவரும் படம் எடுத்ததில்லை. துரையானதும் ரொறன்ரோக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். பண்டக அறையின் அந்தச் சின்ன ஜன்னல் உனக்குத் தெரியுமே. தோல் விற்க வந்த நம் ஆட்களை உள்ளே விடாமல் அந்தக் காலத்தில் கம்பெனிக்காரன் அதன் வழியாகத்தான் வியாபாரம் செய்தானாம். பார்க்க வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு பீவர் தோலைக் கொடுத்து முற்றத்தில் நிறுத்துவார்கள். ஒவ்வொருவராக வந்து ஜன்னல் பலகையில் தோலை வைப்பார்கள். நான் ஊதிப் பார்த்து, முகம் சுளித்து, "கோடையில புடிச்சதா? கெழட்டு நாய் மாதிரி முடி கொட்டுது!" என்று திட்டி வெளியே தள்ளுவேன். கூட்டம் சிரிக்கும். சிரிக்கச் சிரிக்க நானும் திட்டைக் கூட்டிக்கொண்டே போனேன்.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை நம் ஊர் மூத்தோர் மையத்துப் பேருந்து கோட்டைக்கு வந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. உன் அம்மாவும் அதில் வந்திருந்தார்கள்.

வெர்னா, கல்யாணமான நாளிலிருந்து உன் அம்மாவும் நானும் முகம் பார்த்துப் பேசியதில்லை. இந்தக் காலத்து மருமகன்கள் மாமியாரோடு உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். நாங்கள் இரண்டு பேரும்தான் அந்தப் பழைய மரியாதையை விடாமல் வைத்திருந்தோம். அவர்கள் சொல்ல வேண்டியதை உன்னிடம் சொல்வார்கள், நீ என்னிடம் சொல்வாய். நீ இல்லாவிட்டால் ஜட்ஜிடம் சொல்வார்கள். புகைக்குழாய் தீப்பிடித்த அன்று, "ஜட்ஜு, உன் எஜமான்கிட்ட சொல்லு, கூரை பத்திக்கிச்சு" என்று அவசரப்படாமல் நாயிடம் சொன்னார்களே! நீயும் நானும் அதை நினைத்து எத்தனை தடவை சிரித்திருக்கிறோம். ஆனால் என்னை இவ்வளவு மரியாதையாக நடத்தியவர்கள் உலகத்தில் வேறு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

துரையின் தோல் பூட்ஸ் என் குதிகாலைக் கடித்துப் புண்ணாக்கிவிட்டது. நோரீன் இதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். உன் அம்மா உடனே எனக்கு மான்தோல் காலணி தைக்க உட்கார்ந்துவிட்டார்கள். அதை எனக்குக் கொடுக்கத்தான் அன்று வந்தார்கள். பிறகு நோரீன் சொன்னது இது: "அந்த ஜன்னல் வழியா நீட்டினா கை மட்டுந்தான் தெரியும், மூஞ்சியப் பாக்க வேணாம், நானே என் கையால குடுக்கலாம்னு அம்மா அவ்வளவு சந்தோஷமா கெளம்புச்சு அத்தான்." இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். வெளியே நல்ல வெயில். உள்ளே மங்கல். பலகையில் ஒரு பூப்போட்ட துணிப் பொட்டலம் வந்து உட்கார்ந்தது. அதை வைத்த கையைப் பார்த்தேன். பொறியில் மாட்டி வளைந்துபோன அந்த ஆள்காட்டி விரலை எனக்குத் தெரியாதா? எத்தனை தட்டு மூஸ் இறைச்சி அந்தக் கையால் தின்றிருக்கிறேன்! தெரிந்தது. வாயைத் திறக்கும் முன்பே தெரிந்தது. ஆனால் வெளியே அத்தனை பேர் சிரிக்கக் காத்திருந்தார்கள். எனக்கு அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

குனிந்து, ஜன்னல் வழியாக அவர்கள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். "என்ன கெழவி, பீவர் தோல் எங்க? கந்தலக் கட்டிக் கொண்டாந்து கம்பெனிய ஏமாத்தப் பாக்குறியா?" என்றேன். பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டி, மோந்து பார்ப்பதுபோல் மூக்கைப் பொத்திக்கொண்டு, வெளியே தள்ளினேன். அது மண்ணில் விழுந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. உன் அம்மா குனிந்து அதை எடுத்து, தட்டினார்கள். தலை நிமிரவில்லை. முகம் மறையும்படி தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு பேருந்துக்குப் போய்விட்டார்கள். மற்றவர்களெல்லாம் கோட்டைக்குள் பானக் ரொட்டியும் தேநீரும் சாப்பிட்டபோது அவர்கள் பேருந்திலேயே இருந்தார்களாம்.

இதோடு முடிந்ததா? கேமராக்காரி ஒருத்தி என்னிடம் வந்து, "அந்தப் பாட்டியும் உங்க ஆள்தானா? பிரமாதமா நடிச்சாங்க!" என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். கிரகாம் முதுகில் தட்டி, "இத தெனமும் வெச்சுக்கலாம்டா" என்றான். தாடியைப் பிய்த்து அவன் மேஜையில் வைத்துவிட்டு, என்னை மறுபடி படகுக்கே அனுப்பு என்றேன். "நடிப்புதானே ஹொரேஸ், யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டான். என்ன ஆயிற்று என்று அவனிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது துடுப்புதான் போடுகிறேன்.

நோரீன் அன்றே வந்து வாசலில் நின்று, "என்ன துரை, இன்னிக்கி எந்தக் கெழவிய வெரட்டுன?" என்று கேட்டாள். எப்போதும் என்னைக் கேலி செய்கிறவள்தான், ஆனால் அன்று அவள் கண்ணில் சிரிப்பு இல்லை. அதற்குப் பிறகு உன் அம்மா நம் வீட்டுப் பக்கமே வரவில்லை. தண்ணீர் எடுக்கப் போகிற வழியில் ஜட்ஜ் வாலை ஆட்டிக்கொண்டு ஓடினால்கூட ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். நாயும் புரியாமல் திரும்பி வந்துவிடும்.

நோரீனுக்கு மனசு கேட்கவில்லை. உன் பேறுகால நேரத்தில் இப்படி இருக்கக் கூடாது என்று, "உள்ள ஒரே இருட்டும்மா, அத்தானுக்கு நீதான்னே தெரியல" என்று சொல்லிவிட்டாள். உன் அம்மா அதை அப்படியே நம்பிவிட்டார்கள். நேற்று நம் வாசலுக்கு வந்து, ஜட்ஜின் தலையைத் தடவி, "இருட்டுல யாருக்குத்தான் கண்ணு தெரியும், ஜட்ஜு? பாவம். இத உன் எஜமான்கிட்ட குடு, புண்ணு ஆறட்டும்" என்று சொல்லிப் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். வாயைத் திறந்தேன். நாயிடமாவது சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். வரவில்லை. இது நாய் வழியாகச் சொல்லுகிற விஷயம் இல்லை, வெர்னா.

பிரித்துப் பார்த்தேன். மேல்புறம் சிவப்பு மணியில் காட்டு ரோஜா. ஒரு காலணியின் தையலில் இன்னும் மண் இருந்தது. என் காலுக்கு அளவு பார்த்ததே இல்லை, வாசலில் என் கால் தடத்தைப் பார்த்தே வெட்டியிருக்கிறார்கள். கச்சிதமாகப் பொருந்தும் என்று எனக்குத் தெரியும். போட்டுப் பார்க்கவில்லை.

நாளைக் காலை விமானத்தில் உன் அம்மா உன்னிடம் வருகிறார்கள். பிள்ளையைச் சுற்றிக் கட்டுகிற பாசிப் பையும் தைத்து எடுத்து வருகிறார்கள். உனக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமானால் கொடுக்கச் சொல்லி நோரீனை அனுப்பினார்கள். ஒரு கடிதம் மட்டும் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். என்ன எழுதுகிறேன் என்று அவர்கள் கேட்கவில்லையாம். அது கசங்காமல் இருக்கப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம்.

அவர்களிடம் நான் பேச முடியாது. எனக்கு நீதான் வாய். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், நீ எழுந்து உட்காரும் தெம்பு வரட்டும். பிறகு, நீங்கள் மூவரும் ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால், எனக்காக ஒன்றே ஒன்றைச் சொல். நடித்தேன் என்று சொல்லாதே. இருட்டாக இருந்தது என்றும் சொல்லாதே. விரலைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று சொல். அதற்குப் பிறகு அவர்கள் நம் வாசல் மிதிக்காவிட்டாலும் நான் பொறுத்துக்கொள்வேன். தெரியாமல் செய்தவனுக்கு என்று கொடுத்த காலணியில் என்னால் நடக்க முடியாது. கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். போட்டுக்கொள்ளவா, திருப்பித் தரவா என்று அவர்கள் ஜட்ஜிடம் சொல்லட்டும்.

உனக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். விமானம் இறங்கியதும் உங்களைத் துறையிலிருந்து அழைத்து வர நான்தான் துடுப்புப் போடுவேன். உன் அம்மாவை எனக்குப் பின்னால் உட்கார வை. முதுகையாவது பார்த்துக்கொண்டு வரட்டும்.

தலை குனிந்து,
உன் ஹொரேஸ்